சாய்ந்தமருதுக்குப் போன இரண்டு ஜிபிஎஸ் கருவிகள்

சிங்கப்பூரிலிருந்து இலங்கைக்குப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், தைலம், பால்மா, சாக்லேட் என்று பொட்டலங்கள் வீட்டு வாசலில் வந்து குவிந்துவிடும். என் தோழி பஸ்மியா பொட்டலம் எதுவும் தரவில்லை. வேலை தந்தாள். அவளுடைய தம்பி ரிஸ்வான் சாய்ந்தமருதில் கடல் தொழில் செய்கிறவன். அவனுக்குக் கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் கருவி ஒன்று வேண்டும். அதை நானே பார்த்துத் தேர்ந்தெடுத்து, நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"நீதானே அந்தச் சாமானோட காடு மேடெல்லாம் அலையிற. உனக்குத்தான் வெளங்கும்" என்றாள்.

அலைவது உண்மைதான். ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு. முகம் தெரியாத யாரோ ஒருவர் சின்ன டப்பா ஒன்றை மரப்பொந்திலோ பாலத்துக்கு அடியிலோ ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். நாம் கருவியைப் பிடித்துக்கொண்டு போய் டப்பாவைத் தேடிப்பிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. கொசுக்கடி உண்டு. இந்த வயதில் இது தேவையா என்று என் வீட்டுக்காரர் கேட்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

கடைக்குப் போனதும் எனக்கே தலை சுற்றியது. கைபேசியில் இல்லாததா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: கைபேசியை ஒருமுறை உப்புத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கடைசியில் இரண்டு கருவிகளை வாங்கினேன். ஒன்று பட்டன் வைத்தது. சின்னத் திரை, பெட்டிக்கடையில் கிடைக்கிற பேட்டரி இரண்டு போட்டால் ஓடும், பார்க்க அந்தக் கால டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும். மற்றது தொடுதிரை. பெரிய வண்ண வரைபடம், சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி, பார்த்தாலே கை பரபரக்கும். ரிஸ்வான் எதை எடுக்கிறானோ அது அவனுக்கு, மிச்சம் எனக்கு. தொடுதிரை எனக்கு மிஞ்சினால் தேவலை என்று உள்ளூர ஒரு நப்பாசை.

கல்முனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் உடம்பு பாதி உறைந்திருந்தது. இலங்கையில் ஏசி பஸ் என்றால் ஏசி மட்டும்தான் நன்றாக வேலை செய்யும் போலிருக்கிறது. எனக்கு நேர் மேலே இருந்த துவாரத்தை மூட முடியவில்லை. நடத்துநர் வந்து பார்த்துவிட்டு, ஒரு செய்தித்தாளை மடித்துச் செருகிவிட்டு, "இப்ப சரி" என்று போய்விட்டார். வளைவு வரும்போதெல்லாம் அந்தத் தாள் என் மடியில் விழுந்தது. சிங்கப்பூரில் இதற்கு மூன்று பேர் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், ஆனால் ஒருவரும் செய்தித்தாள் தந்திருக்க மாட்டார்கள்.

ரிஸ்வான் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம், சிரித்தால் முழு வாயும் சிரிக்கும். என் பெட்டியைப் பெட்ரோல் தொட்டியின் மேல் வைத்து, அதன் மேல் தாடையை வைத்து, அப்படியே ஓட்டினான். தெருவெல்லாம் கடைகள். மருதமுனைக் கைத்தறிச் சாரன்கள், நம் லுங்கிகள்தான், கொடி போலத் தொங்கின. பாண் என்று ரொட்டி விற்கிற ஆட்டோ ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு எங்களை முந்தியது. "அந்தப் பாட்டக் கேட்டா இஞ்ச பிள்ளையள் எல்லாம் கேட்டடிக்கு ஓடி வருவாங்க அக்கா" என்றான். எனக்கே இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது, அவ்வளவு பசி.

இந்தக் கரையில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறான். ஆகவே ரிஸ்வான் இருப்பது அவன் மனைவி ஸப்னாவின் வீட்டில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஸப்னாவின் அக்கா வீடு. அக்காவின் கணவர் கலீலும் கடல் தொழில்தான், தனிப் படகு. ரிஸ்வான் அவரை நானா, அதாவது அண்ணன் என்று கூப்பிடுகிறான். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமியார் வீட்டில் படுகிற பாட்டையெல்லாம் நினைத்துப் பார்த்து, இது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று முதல் நாளே வியந்துவிட்டேன்.

ஸப்னா இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தாள். நான் மூன்றாவது தடவை கை நீட்டிய பிறகுதான் அவள் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, நல்ல மெஷினாப் பாத்துத் தாங்க. பொய் சொல்லாத மெஷினா இரிக்கணும்."

அப்போதுதான் முழுக் கதையும் தெரிந்தது. போன கச்சான் காலத்தில், அதாவது தரையிலிருந்து கடலை நோக்கிச் சூடான காற்று வீசுகிற மாதங்களில், ரிஸ்வானின் படகு எஞ்சின் நடுக்கடலில் நின்றுவிட்டது. காற்று படகை வெளியே தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. கைபேசியில் கொஞ்சம் சிக்னல் இருந்ததால் கலீலைக் கூப்பிட்டு, தெற்கே ஒலுவிலுக்கு நேரே நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். கலீல் இரண்டு படகுகளோடு ஒலுவில் பக்கம் போய்த் தேடோ தேடென்று தேடியிருக்கிறார். ஆளைக் காணோம். மறுநாள் வடக்கே, பெரியநீலாவணைக்கு வெளியே மட்டக்களப்புப் படகு ஒன்று தற்செயலாக இவனைக் கண்டு கட்டி இழுத்து வந்திருக்கிறது.

"இவரிட பழைய மெஷின் பிழையாக் காட்டியிரிக்கி. நான் விடிய மட்டும் கடக்கரையில இரிந்த. இனி நம்பிக்கையான சாமான் ஒண்டு கைக்கு வராம இவரு கடலுக்குப் போறல்ல எண்டு சொல்லிட்டன்" என்றாள் ஸப்னா.

சொன்னபடியே செய்துமிருக்கிறாள். அன்று முதல் ரிஸ்வான் கல்முனைக்குடியில் ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். கடல்காரனை ஆணிக்கு நடுவே உட்காரவைத்தால் எப்படியிருக்கும்! ஸப்னா பேசி முடிக்கும்வரை அவன் இடியப்பத் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. பாவம், பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்தேன். நான் ஒரு மண்டு.

மறுநாள் காலை சோதனையைத் தொடங்கினோம். கடற்கரைக்கு இரண்டு கருவிகளையும் எடுத்துப் போனோம். படகுகள் வந்து ஏறிக்கொண்டிருந்தன. கூடைகளின் மேல் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். ஒருவரிடம் எங்கே மீன் பட்டது என்று கேட்டேன். தெற்கே கையைக் காட்டினார். அடுத்த படகுக்காரர் வடக்கே காட்டினார். மூன்றாமவர் வானத்தைப் பார்த்து, "எங்க பட்ட, ஒண்டுமே இல்ல" என்றார். அவருடைய கூடையை நான்கு பேர் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். ரிஸ்வான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். கீரி மீன் கூடை ஒன்றுக்குள் கையை விட்டு நன்றாகக் குழப்பி, செதிலும் சளியுமாக எடுத்து, அதே விரலால் என் அருமைத் தொடுதிரையைத் தேய்த்தான். எனக்கு உயிரே போய்விட்டது. திரைக்குப் பேய் பிடித்தது. வரைபடம் சுருங்கியது, விரிந்தது, ஏதேதோ பெட்டிகள் திறந்தன, கடைசியில் எழுத்தெல்லாம் எந்த நாட்டு மொழிக்கோ மாறி நின்றது. உயிரெழுத்துக்கள் இரட்டை இரட்டையாக இருந்ததைப் பார்த்தால் பின்லாந்தாக இருக்கலாம். பட்டன் கருவியை அதே கையால் அமுக்கினான். அது தன் பாட்டுக்கு வேலை செய்தது.

"இது கடலுக்கு. அது கலியாண வீட்டுக்கு" என்றான் ரிஸ்வான்.

தொடுதிரையைக் குளிப்பாட்டி எடுத்து, மொழியைத் திரும்பக் கொண்டுவர எனக்குப் பாதி நாள் போயிற்று. போகட்டும், அது எனக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டதில் மனம் குளிர்ந்துபோயிருந்தது.

தரையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க மறுநாள் ஆட்டோ பிடித்துக் கோமாரிக்குப் போனோம். அங்கே தென்னந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் யாரோ வெளிநாட்டுப் பயணி டப்பா ஒளித்துவைத்திருப்பதாக இணையத்தில் போட்டிருந்தது. ஜிபிஎஸ் அம்பு எப்போதும் நேர்கோட்டில்தான் காட்டும். நடுவில் குளமா, கிணறா, கோபக்கார மாடா என்று அதற்குக் கவலை கிடையாது. நான் அம்பைப் பார்த்துக்கொண்டே விறுவிறுவென்று நடந்து, களப்பு என்கிற உப்பங்கழி ஓரச் சேற்றில் முழங்கால்வரை இறங்கிவிட்டேன். ரிஸ்வானும் ஆட்டோக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் வந்தேன், இடது செருப்பு வரவில்லை.

ஒற்றைச் செருப்போடு டப்பாவைக் கண்டுபிடித்தேன். தென்னை அடியில், கல்லுக்குக் கீழே. இரண்டு கருவிகளும் அந்த மரத்தையே காட்டின. நான் தாளில் பெயர் எழுதுவதை ரிஸ்வான் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப இத ஒளிச்சவரு, ஒளிச்ச இடத்த உலகத்துக்கே சொல்லிட்டாரு?"

"ஆமாம்."

"நெசமான நம்பரையா?"

"நிஜமான எண்ணைத்தான். இல்லாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?"

"விசரன், சரியான பைத்தியம்" என்றான், ஆத்மார்த்தமாக.

வழியில் செவ்விளநீர் குடிக்கும்போது அவனே விளக்கினான். கடலுக்கு அடியில் மீன் ஒதுங்குகிற கல்லுத் திட்டுகளை இந்தக் கரையில் 'பார்' என்கிறார்கள். ஒரு நல்ல பார் கிடைத்தவன் அதைக் கூடப் பிறந்தவனிடமும் சொல்ல மாட்டான். அங்கே போகும்போது ஒரு பக்கம், வரும்போது வேறு பக்கம். எவனாவது பின்னால் வந்தால் சும்மா வேறு இடத்தில் நங்கூரம் போட்டு உறங்குகிற மாதிரிக் கிடப்பார்களாம். "எண்ட வாப்பாவும் எனக்கு வாயால சொல்லல்ல அக்கா. கூட்டிட்டுப் போய்க் காட்டின. சொன்னாக் காத்துக்கும் காது இரிக்காம்." எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. சிங்கப்பூரில் நல்ல நாசி லெமாக் கடையைக்கூட யாரும் ரகசியமாக வைத்திருப்பதில்லை, சாப்பிட்டு முடிப்பதற்குள் படம் போட்டுவிடுகிறோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ முடிந்து கலீலும் சாப்பிட வந்தார். ஐம்பதை நெருங்குகிற, தொப்பையும் நக்கலும் உள்ள மனிதர். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். அந்த வட்டிலப்பத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. சாப்பிட்டு எழுந்த தெம்பில், இன்னும் ஒரே ஒரு சோதனை மிச்சம் இருக்கிறதே என்று எனக்கு ஞாபகம் வந்தது. ரிஸ்வானின் பழைய கருவியைக் கேட்டு வாங்கி, அது எவ்வளவு தூரம் பிழையாகக் காட்டுகிறது என்று பார்க்க, மூன்றையும் முற்றத்து மதிலில் வரிசையாக வைத்தேன். ரிஸ்வான், "அது கெட்டுப் போனது அக்கா, விடுங்க விடுங்க" என்று இரண்டு மூன்று முறை சொன்னான். என் காதில் ஏறினால்தானே?

மூன்றும் ஒரே எண்ணைக் காட்டின. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். மறுபடியும் ஒரே எண்.

"ஸப்னா, இங்கே வாங்களேன்! பழையதும் அச்சு அசலாகச் சரியாகத்தான் காட்டுகிறது" என்று கூவினேன். கண்டுபிடித்த பெருமை வேறு.

ஸப்னா பிளேன்டி என்கிற பால் விடாத தேநீர்த் தட்டோடு வந்தாள். மூன்று திரைகளையும் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"அப்ப அண்டைக்கு ஏன் ஒலுவில் எண்டு காட்டின?"

ரிஸ்வான் பழைய கருவியை எடுத்து அணைத்தான். மதிலில் சாய்ந்திருந்த கலீல்தான் வட்டிலப்பக் கிண்ணத்தை வழித்தபடி சொன்னார். "மெஷின் எங்க பொய் சொன்ன? பாரக் காட்டிக் குடுக்கப்படாதெண்டு இவன்தான் எனக்குப் பொய் சொன்ன. எனக்கு அடுத்த நாளே வெளங்கிட்டு."

"இல்ல நானா, வேணுமெண்டு இல்ல" என்றான் ரிஸ்வான். "எங்க நிக்கிற எண்டு நீங்க கேட்டீங்க. வாயில ஒலுவில் எண்டுதான் வந்திச்சு. பழக்கம். மறுகா மாத்திச் சொல்லுவம் எண்டு நினைக்கிறத்துக்குள்ள போன் கட்டாகிட்டு."

எஞ்சின் செத்து, காற்று வெளியே தள்ளி, உயிர் போகிற நேரத்திலும் மனிதன் மீன்பிடிக்கிற இடத்தைக் காப்பாற்றியிருக்கிறான்! சிரிப்பு என் தொண்டைவரை வந்துவிட்டது. ஸப்னாவின் முகத்தைப் பார்த்தேன், அப்படியே விழுங்கிவிட்டேன். அவள் பிளேன்டித் தட்டை மதிலில் மெல்ல வைத்தாள்.

"மூணு புள்ளையையும் வெச்சிக்கிட்டு நான் மண்ணுல இரிந்தன். மையித்து ஒடம்பாவது கரைக்கு வரணும் எண்டு துஆக் கேட்டன். நீங்க கல்லுக்குக் காவல் இரிந்திரிக்கீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். அன்று மாலை முழுவதும் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. என் வாயை என்ன செய்வதென்று தெரியாமல் நான் பிள்ளைகளுக்கு ஜிபிஎஸ்ஸில் திசைகாட்டி சொல்லிக்கொடுத்தேன். ஆயிரம் வசதி பார்த்து, தண்ணீரில் மிதக்குமா, வெயிலில் திரை தெரியுமா என்றெல்லாம் அலசி வாங்கிக்கொண்டு வந்தேனே, இந்த வியாதிக்கு எந்தக் கடையில் கருவி கிடைக்கும் என்று எரிச்சலாக வந்தது. ஊருக்குப் போகுமுன் இந்தப் புருஷன் பெண்சாதியைப் பேசவைத்துவிட வேண்டுமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

பேசவைக்கிற வேலை எனக்கு வரவில்லை. மறுநாள் ஸப்னாவே என்னிடம் வந்து தொடுதிரையைக் காட்டி, "இதுல நம்பர் அடிச்சா இடம் தெரியுமா அக்கா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். எண் போடுவது, குறி வைப்பது, வரைபடத்தைப் பெரிதாக்குவது. என் ஜியோகேஷிங் கூட்டாளிகள் ஒரு வாரம் எடுத்துக்கொள்வதை அவள் உலை கொதிப்பதற்குள் முடித்துவிட்டாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்க. கடலுக்குப் போங்க. நான் மறிக்கல்ல. ஆனா வல போட்ட ஒடன எனக்குப் போன் எடுத்து நம்பரச் சொல்லணும். சொல்லாத அண்டைக்கு ஆணிக் கடைதான்."

ரிஸ்வான் தலையை ஆட்டிய வேகத்தைப் பார்த்தால் அன்று அவள் நிலவைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பான்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் அவன் கடலுக்குப் போனான். சுபஹுத் தொழுகை முடிந்ததும் பட்டன் கருவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி போனான். கலீலின் எஞ்சின் திருத்தக் கொடுத்திருந்ததால் அவர் தயிர்ச் சட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஸப்னா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். ஒரு காதை மட்டும் கைபேசிக்கு விட்டிருந்தாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு கருவியை எடுத்தாள்.

எஞ்சின் சத்தம், காற்றுச் சத்தம், நடுவே ரிஸ்வான். வடக்கு எண்ணைச் சொன்னான். ஸப்னா அடித்தாள். "கிழக்கு எண்பத்தொண்டு, நாப்பத்தேழு…" மிச்சத்தையும் சொன்னான். அடித்தாள். வரைபடம் சுற்றி வந்து நின்றது. பச்சையாக இருந்தது. அவள் பெரிதாக்கினாள். வாய்க்கால், வரம்பு, ஒரு சின்ன ரோடு.

"நாவிதன்வெளி" என்றாள் ஸப்னா. "வயலுக்குள்ளயா வல போட்டிரிக்கீங்க? வேளாண்மைக்க என்ன மீன் பட்டிச்சு, ஒட்டியா, சூரையா?"

எனக்குப் புட்டு புரையேறிவிட்டது. கலீல் தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார். போனில் தணிந்த குரலில் ஒரு கேள்வி.

"பக்கத்துல ஆரு?"

கலீல் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். தான் அங்கே இல்லை என்று சொல்லும்படி இரண்டு கையாலும் சைகை காட்டினார். ஸப்னா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மச்சான் இரிக்காரு" என்றாள். "போன் ஸ்பீக்கர்ல இரிக்கி. அவருக்கும் கேக்கும். இனிச் சொல்லுங்க."

சொல்லேண்டா, சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கத்தினேன். எஞ்சின் சத்தம் அடங்கியது. அவன் எஞ்சினை நிறுத்திவிட்டான் போல, இப்போது குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்பத்தேழு. நாப்பத்தேழு இல்ல ஸப்னா. அம்பத்தேழு."

ஸப்னா ஒரு எண்ணை மட்டும் அழித்துத் திருத்தினாள். வரைபடம் வயலைத் தாண்டி, களப்பைத் தாண்டி, எங்கள் தலைக்கு மேலாகப் போய், நீலத்தின் நடுவே நின்றது. ஒரு சின்னக் கொடி அங்கே விழுந்தது.

கலீல் எழுந்து சாரனை இறுக்கிக் கட்டினார். "எனக்குக் காது கொஞ்சம் மந்தம். போன்ல கதைக்கிற ஒண்டும் வெளங்கிறல்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, தயிர்ச் சட்டியை வைத்தது வைத்தபடி மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அவருக்குக் காது மந்தம் என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

ஸப்னா அந்தக் கொடியின் மேல் விரலை வைத்திருந்தாள். அடுப்பில் புட்டுத் தண்ணீர் வற்றுகிற வாசனை வந்தது. நான் எழுந்து போய் இறக்கிவைத்தேன்.

"கலியாணம் முடிச்சி பன்னெண்டு வருசம் அக்கா" என்றாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "கடல்ல இவரு எங்க நிக்காரு எண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

நான் மறுநாள் தொடுதிரை இல்லாமல் வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.